கல்லைக் கவ்வும் இச்சி: மலை விவசாயிக்கு ஒரு துணைத் தொழில்

கொல்லிமலை திருப்புலி நாட்டில் சென்ற ஆண்டு ஆனி மாதம் மிளகுக் கொடி வாடல் நோய் பற்றி விவசாயிகள் கூட்டம் ஒன்று நடைபெற்றது. கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது விவசாயி ஒருவர் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துச் சென்றார். அரை ஏக்கரில் காப்பியும் மிளகும், மழையை நம்பி ஒன்றரை ஏக்கரில் சாமையும் மரவள்ளியும் வைத்துப் பிழைப்பவர்.

“ஐயா, எங்க ஓடை ஓரத்துப் பாறை மேல ஒரு இச்சி மரம் நிக்குது. வெளியூர்க்காரர் ஒருத்தர் பார்த்துட்டு, கல்லோட பேர்த்துக் குடுங்க, கையில காசு தர்றேங்கிறார். குடுக்கலாமா?” என்று கேட்டார்.

இருவரும் போய்ப் பார்த்தோம். இடுப்பளவு உயரம்தான் இருக்கும் அந்த மரம். மண் என்று சொல்ல ஒரு பிடிகூட இல்லாத பாறையின் தலையில் நின்று, விரல் பருமன் வேர்களைப் பாறையின் நாற்புறமும் இறக்கி, கோழியைப் பருந்து பற்றியது போலக் கல்லைப் பற்றிக்கொண்டிருந்தது. வேர்களின் அடியில் ஊற்று நீர் கசிந்தது. வந்த ஆளுக்கு அதைப் பேர்த்து, தட்டுப்போன்ற தொட்டியில் வைத்து, நகரத்தில் ‘போன்சாய்’ என்று விற்பதுதான் நோக்கம்.

“கொடுக்க வேண்டாம்” என்றேன். “அப்ப அந்தக் காசு?” என்றார் அவர். நியாயமான கேள்வி. அதற்கு அன்று நின்ற நிலையில் முழுமையாக விடை சொல்ல இயலவில்லை. இக்கட்டுரையே அந்த விடை.

ஏன் பேர்க்கக் கூடாது?

முதலாவது, அந்தப் பாறை அவருடைய பட்டா நிலத்தில் இல்லை. ஓடையைத் தாண்டினால் காப்புக்காடு. காப்புக்காட்டிலிருந்து வனத்துறை அனுமதியின்றிச் செடியையோ கல்லையோ எடுப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வாங்க வந்தவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். வழக்கு பேர்த்தவர் மேல்தான் வரும்.

இரண்டாவது, பாறையில் பல்லாண்டு நின்ற மரத்தின் உயிர் வேர் வெளியே தெரியும் வேர் அன்று. பாறை இடுக்கில் ஆழச் சென்று ஈரம் தேடும் வேரே. பேர்க்கும்போது அறுபடுவது அதுதான். இலை சில வாரம் பச்சையாக நிற்கும். அடுத்த கோடைக்குள் பெரும்பாலும் பட்டுப்போகும்.

மூன்றாவது, இச்சிப் பழம் பறவைக்கும் வௌவாலுக்கும் அணிலுக்கும் உணவு. மற்ற மரங்கள் காய்க்காத காலத்திலும் அத்தி இனத்து மரங்களில் ஏதாவது ஒன்று பழுத்து நிற்கும். அதன் வேர் ஓடைக் கரையையும் பிடித்து நிற்கிறது. ஒரு மரம் போனால் ஒரு கரை போகும்.

ஆயினும் வந்த ஆள் ஒன்றைச் சரியாகக் கண்டுகொண்டார். கல்லைக் கவ்வி நிற்கும் குட்டை மரத்தை விரும்பி வாங்குவோர் உண்டு. அதைக் காட்டிலிருந்து பெயர்க்காமல், நம் வீட்டு ஓரத்தில் நாற்றிலிருந்தே நான்கைந்து ஆண்டுகளில் உருவாக்க முடியும். அதற்குத் தேவை பணம் அன்று, பொறுமை.

போன்சாய் என்றால் என்ன?

‘தட்டில் நட்டது’ என்பது இந்த ஜப்பானியச் சொல்லின் பொருள். சீனாவில் தோன்றி ஜப்பானில் வளர்ந்த கலை இது. குட்டை மரத்துக்கெனத் தனி விதையோ தனி இனமோ கிடையாது. காட்டில் ஓங்கி வளரும் அதே மரத்தைத்தான், வேரையும் கிளையையும் அளவாக வெட்டி, ஆழமில்லாத தொட்டியில் வளர்க்கிறார்கள். பட்டினி போட்டு வளர்ப்பது என்று சிலர் நினைப்பது தவறு. உரமும் நீரும் வெயிலும் குறைவின்றிக் கிடைத்தால்தான் இம்மரம் நிலைக்கும்.

இதில் ஒரு வகை, கல்லின் மேல் மரத்தை அமர்த்தி, வேர்கள் கல்லைத் தழுவி இறங்கி அடியிலுள்ள மண்ணில் பாயுமாறு வளர்ப்பது. நமக்கு இது புதிய காட்சி அன்று. குறுந்தொகை 106-ஆம் பாடலில் கபிலர், கல்லின் மேல் படரும் இற்றி மரத்தின் வெள்ளை வேரை மலையிலிருந்து விழும் அருவிக்கு ஒப்பிடுகிறார். இற்றி என்பதே இன்று இத்தி, இச்சி என்று வழங்குகிறது என்பர். ஆகாய கங்கை அருவியைக் கண்ட கொல்லிமலை விவசாயிக்கு அந்த உவமையை விளக்கத் தேவையில்லை.

பைன் மரம் நமக்கு ஏற்றதா?

போன்சாய் என்றதும் புத்தகங்களில் முதலில் வரும் படம் பைன் மரத்தின் படமே. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய மரத்தோட்டத்தில் வெண்பைன் போன்சாய் ஒன்று இருக்கிறது. 1625-ஆம் ஆண்டு முதல் தொட்டியில் வளர்ந்து வருவது. ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பேணிய அம்மரம், 1945-இல் அந்நகரின் மேல் அணுகுண்டு விழுந்தபோதும் தப்பியது. 1976-இல் ஜப்பான் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக அளித்த மரங்களில் அதுவும் ஒன்று. தாத்தா நீரூற்றியதைப் பேரன் நீரூற்றி வளர்த்த மரம் அது.

அதைப் படித்துவிட்டு நானும் ஆசைப்பட்டேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானலிலிருந்து ஆறு பைன் நாற்றுகளை வாங்கிவந்து கல்லில் கட்டினேன். களிமண் கலந்த மண்ணில் வைத்ததால் நான்கு முதல் மழையிலேயே வேர் அழுகின. தப்பிய இரண்டில் ஒன்றின் கிளையை, அழகுக்காக இலையில்லாத பகுதி வரை வெட்டினேன். அது மீண்டும் துளிர்க்கவே இல்லை. தவறு பைனுடையது அன்று, என்னுடையது.

தென்னிந்தியாவில் பைன் இயற்கையாக வளர்வதில்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் காண்பவை மனிதர் நட்டவையே. பைன் வேரில் ஒருவகை வெண்பூசணம் கூடி வாழ்ந்து, மண்ணிலிருந்து சத்தை எடுத்துக் கொடுக்கிறது. வேரை முழுதும் கழுவினால் அப்பூசணம் போய்ச் செடி நலியும். இலையில்லாத கிளையில் பைன் துளிர்ப்பது அரிது. இச்சியோ முதிர்ந்த தண்டிலும் துளிர்க்கும். அறுபட்ட வேரிலிருந்து புதுவேர் விடும்.

பைன் நாற்றில்தான் செய்வேன் என்பவர் இவற்றை நினைவில் வைக்க வேண்டும். விதை முளைத்து மூன்று நான்கு மாதத்தில் ஆணிவேரின் நுனியை வெட்டிப் பக்க வேர்களைப் பெருக்க வேண்டும். மணல் மிகுந்த கலவையில் உயரமான தொட்டியில் இரண்டு ஆண்டு வளர்த்து, பழைய மண்ணில் ஒரு பகுதியோடு கல்லில் கட்டி, மூன்று முதல் ஐந்து ஆண்டு மண்ணுக்குள் வைக்க வேண்டும். பார்வைக்கு வர எட்டுப் பத்து ஆண்டு ஆகும். கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள நம் மலையில் அது பிழைக்கலாம். ஆனால் கைக்காசு எதிர்பார்க்கும் சிறு விவசாயிக்கு அது ஏற்றதன்று. இச்சியே ஏற்றது.

நாற்றுச் சேகரிப்பு

இச்சி நாற்றுக்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பறவை எச்சத்தில் வந்த விதை கிணற்றுச் சுவரிலும் வீட்டுச் சுவரிலும் பனை மட்டை இடுக்கிலும் தானே முளைக்கிறது. விட்டால் சுவரைப் பிளக்கும். ஆகவே அதை எடுப்பது சுவருக்கும் நன்மை, நமக்கும் நன்மை. கற்பாங்கான இடத்தில் வளரும் கல்லரசும் இதற்கு உகந்ததே. ஆலும் அரசும் இலை பெரிதாக இருப்பதால் சிறிய கல்லுக்குப் பொருந்தா.

ஆனி, ஆடி மாதங்களில் மழை பெய்து சுவர் ஊறியிருக்கும்போது, ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாத நாற்றுகளை மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். வேர் மூன்று நான்கு கிளையாகப் பிரிந்திருப்பதே நல்லது. ஒற்றை வேர் மட்டும் உள்ளதைத் தள்ளிவிடலாம். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அன்றே நட வேண்டும். பென்சில் பருமனுள்ள குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டி நட்டும் வேர் பிடிக்கச் செய்யலாம். ஆயினும் கல்லில் கட்ட நாற்றே மேலானது.

வெட்டும்போது வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஆண்டு: வேரை நீளமாக்குதல்

கல்லின் உச்சியிலிருந்து அடிவரை இறங்க வேர் நீளமாக இருக்க வேண்டும். அகலத் தொட்டியில் வைத்தால் வேர் சுருண்டுகொள்ளும். ஆகவே குறுகிய, உயரமான குழாயில் வளர்க்க வேண்டும். பெருமூங்கிலை ஒன்றரை அடி நீளம் வெட்டி, இரண்டாகப் பிளந்து, மீண்டும் சேர்த்துக் கம்பியால் கட்டினால் போதும். பிளந்த பி.வி.சி. குழாயும் ஆகும். ஓராண்டு கழித்துக் கம்பியை அவிழ்த்தால் வேர் அறுபடாமல் செடி வெளியே வரும்.

குழாயின் மேல் முக்கால் பங்கில் மணலும் கொஞ்சம் செம்மண்ணும் மட்டும் இட வேண்டும். கீழ்க் கால் பங்கில் மக்கிய தொழு உரமும் செம்மண்ணும் சம அளவு கலந்து இட வேண்டும். மேலே சத்துக் குறைவு, கீழே சத்து மிகுதி என்பதால் வேர் கீழ்நோக்கி ஓடும். அடியில் நீர் வடியும் வழி இருத்தல் அவசியம். இந்த ஓராண்டில் கிளையை வெட்டக் கூடாது. இலை எவ்வளவு மிகுமோ அவ்வளவுக்கு வேர் பருக்கும்.

கல் தேர்வு

நம் நிலத்தில் கிடக்கும் கருங்கல் போதும். கொல்லிமலைப் பாறை இறுகியது, எளிதில் உதிராது. கையால் தட்டினால் பொடியும் கல்லும், வழவழப்பான கூழாங்கல்லும் ஆகா. உச்சியில் செடி அமரச் சிறு பள்ளம், பக்கங்களில் மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளம், அடியில் தட்டை ஆகிய மூன்றும் உள்ள கல்லே சிறந்த கல். உயரம் 15 முதல் 20 செ.மீ. இருக்கட்டும். எடை மூன்று கிலோவுக்கு மேற்பட வேண்டாம். காரவள்ளி வரை எழுபது வளைவுகளைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டியது நாம்தான் என்பதை மறக்கக் கூடாது.

கல்லைத் தேய்த்துக் கழுவி, மண்ணும் பாசியும் போக்கிக் காயவைக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டு: கல்லில் கட்டுதல்

மீண்டும் ஆனி, ஆடி மாதங்களே ஏற்றவை. மூடுபனியோ தூறலோ உள்ள நாளைத் தேர்ந்து நிழலில் வேலை செய்ய வேண்டும். வேர் காற்றுப்பட்டுக் காய்ந்தால் முழு உழைப்பும் வீண். பக்கத்தில் ஒரு வாளி நீர் வைத்து அடிக்கடி தெளித்துக்கொள்ள வேண்டும்.

சலித்த களிமண்ணும் நன்கு மக்கிய சாணமும் சம அளவு சேர்த்துத் தோசை மாவுப் பதத்துக்கும் சற்றுக் கெட்டியாகக் குழைத்து, கல்லின் வரிப்பள்ளங்களில் மெல்லியதாகப் பூச வேண்டும். குழாயைத் திறந்து, வேரிலுள்ள மண்ணை நீரில் அலசி, செடியைக் கல்லின் உச்சிப் பள்ளத்தில் அமர்த்த வேண்டும். தண்டுக்கும் கல்லுக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளிகூட இருத்தல் ஆகாது. பிற்காலத்தில் மரத்தின் மதிப்பைக் கெடுப்பது அந்த இடைவெளியே. வேர்களைத் தலைமுடி கோதுவதுபோலப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பள்ளத்தில் படிய வைக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே போகக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் வேர் மிகாமல் நாற்புறமும் பரவச் செய்ய வேண்டும்.

பிறகு பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலப் பட்டையாகக் கிழித்து, மேலிருந்து கீழாக இழுத்துச் சுற்ற வேண்டும். ரப்பர் வேரைக் கல்லோடு அழுத்திப் பிடிக்கும். வேர் பருக்கும்போது சற்று விட்டும் கொடுக்கும். சுற்றுக்குச் சுற்று ஒரு விரல் இடைவெளி விட்டால் நீரும் காற்றும் போகும். அடியில் நான்கு விரல் நீளத்துக்கு வேர்நுனிகள் தொங்கட்டும்.

சாக்கில் புதைத்தல்

சிமெண்ட் சாக்கை முழங்கால் உயரத்துக்கு மடித்து, அடியில் நான்கைந்து துளையிட்டுக்கொள்ள வேண்டும். அடியில் உடைந்த ஓட்டுச் சில் பரப்பி, அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு கலந்த கலவையை இட வேண்டும். அதன் மேல் கல்லை நிறுத்தி, கல்லைச் சுற்றி மணல் மிகுந்த மண்ணால் செடியின் கழுத்து வரை மூட வேண்டும். வெறும் தண்டும் இலையும் மட்டுமே வெளியே தெரியும்.

முதல் மூன்று வாரம் நிழல். பிறகு காலை வெயில் படும் இடம். கோடையில் நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கின் அடியில் நீர் தேங்காமல் கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். ஒரு கைப்பிடிக் கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்துப் பங்கு நீர் சேர்த்துத் தெளிவை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றலாம். செடி புதுத் துளிர் விட்ட பிறகே இதைத் தொடங்க வேண்டும். வெள்ளாட்டுக்கு இச்சி இலை மிகவும் பிடித்த தழை. முள்வேலி இல்லாமல் வைத்தால் ஓராண்டு வேலை ஒரு வாயில் முடியும்.

ஓராண்டு முடிந்ததும் மேல்மண்ணைச் சிறிது விலக்கி டியூபை வெட்டி எடுத்துவிட்டு, மீண்டும் மண்ணால் மூட வேண்டும். எடுக்காவிட்டால் வேரில் தழும்பு விழும். பின் மறு ஆண்டும் கல் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும். வேர் எப்படி இருக்கிறது என்று வாரம் ஒரு முறை தோண்டிப் பார்ப்பதே இத்தொழிலில் நாம் செய்யும் பெரிய தவறு.

நான்காம் ஆண்டு: மண்ணை இறக்குதல்

மூடிய வேரை ஒரே நாளில் வெளியே காட்டினால் வெயிலில் காய்ந்துவிடும். ஆகவே ஈரக்காற்று உள்ள ஆடி முதல் கார்த்திகை வரையான காலத்தில் இதைச் செய்ய வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை சாக்கின் விளிம்பை ஒரு விரற்கடை, அதாவது ஏறத்தாழ 2 செ.மீ. கீழே சுருட்டி, அந்த அளவு மண்ணைப் பூவாளி நீரால் கழுவிவிட வேண்டும். வெளிப்பட்ட வேரில் தோல் தடித்துப் பழுப்பு நிறம் ஏறும். மயிர்போன்ற சிறுவேர்கள் காயும், அவற்றைக் கத்தரித்துவிடலாம். ஏறத்தாழ நான்கு மாதத்தில் கல்லின் முக்கால் பங்கு வெளியே வந்துவிடும்.

தண்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். கல்லும் சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்துவிட்டது. செடி மட்டும் ஆடினால் மீண்டும் மண் ஏற்றி இன்னும் ஓராண்டு விட வேண்டும்.

தொட்டியும் கவாத்தும்

ஐந்தாம் ஆண்டு ஆனியில் ஆழமில்லாத தொட்டிக்கு மாற்றலாம். மூன்று விரல் ஆழமுள்ள சுட்ட மண் தட்டை, அடியில் இரண்டு துளையுடன் குயவரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். கல் சாயாமல் இருக்கத் துளை வழியே கம்பி விட்டுக் கட்ட வேண்டும். அடிவேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, அதற்கு ஈடாக இலையையும் குறைத்து நட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இவ்வாறு மண் மாற்றினால் போதும்.

இப்போதுதான் கத்தரிக்கு வேலை. ஒவ்வொரு கிளையும் ஆறேழு இலை விட்டபின் இரண்டு இலை நிறுத்தி வெட்ட வேண்டும். நல்ல நலத்துடன் உள்ள மரத்தில் மட்டும் ஆண்டுக்கு ஒரு முறை, கோடைமழை பெய்யும் காலத்தில், காம்பை விட்டு இலைகளை நறுக்கினால் அடுத்து வரும் இலை சிறிதாக வரும். கிளையை வளைக்க அலுமினியக் கம்பி சுற்றினால் இரண்டு மாதத்துக்குள் அகற்ற வேண்டும்.

மேற்கு வெயிலில் வைத்தால் கல் சுட்டு, அதன் மேலுள்ள வேர் வெந்துவிடும். ஆகவே கிழக்குத் திண்ணையே சிறந்த இடம். பங்குனி, சித்திரையில் காலையும் மாலையும் நீர் தேவைப்படும். இரண்டு நாள் திருவிழாவுக்குப் போய்வந்தால்கூட மரம் வாடும். ஆகவே வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பல வீடுகளில் வயதான பாட்டியே இதற்கு ஏற்றவர்.

பூச்சி, நோய்

இலை நெடுக்கில் மடிந்து, உள்ளே கறுப்பாகச் சிறு பூச்சிகள் தென்பட்டால் அது இலைப்பேன். மடிந்த இலைகளைப் பறித்து எரித்துவிட வேண்டும். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் கணுக்களில் ஒட்டியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினாலே பெரும்பகுதி போகும். மீண்டும் வந்தால் ஒரு லிட்டர் நீருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். எறும்பு மிகுந்திருந்தால் மாவுப்பூச்சி இருக்கிறது என்று பொருள். இலை மஞ்சளாகி உதிர்ந்து, வேர் கறுத்து நாறினால் நீர் மிகுதி; நோய் என்று மருந்து தேட வேண்டாம், வடிகாலைச் சரி செய்தால் போதும்.

வருமானம் பற்றி ஒரு சொல்

இது ஏக்கர் கணக்கில் செய்யும் பயிர் அன்று. மிளகையும் காப்பியையும் சாமையையும் விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம். கடன் வாங்கியும் செய்ய வேண்டாம். முதல் ஆண்டு பத்து நாற்றுக்கு மேல் வைக்காதீர்கள். பத்தில் ஐந்தாறு தேறினால் போதும் என்ற எண்ணம் இருக்கட்டும். செலவு சாக்கும் டியூபும் தொட்டியும்தான். நாள்தோறும் கால் மணி நேர உழைப்பு வேண்டும். நான்கு ஆண்டு வரை ஒரு ரூபாய்கூட வராது. இதைத் தெரிந்தே தொடங்க வேண்டும்.

விலையை வாங்குபவரின் கண்தான் முடிவு செய்கிறது. வேர் நாற்புறமும் இறங்கியிருக்கிறதா, கல்லோடு ஒட்டியிருக்கிறதா, அடித்தண்டு பருத்திருக்கிறதா, இலை நலமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆகவே மரம் ஆயத்தமாகும் முன்னரே நாமக்கல், சேலம் நாற்றங்கால்காரர்களிடம் படத்தைக் காட்டிக் கேட்டு வைக்க வேண்டும். ஒருவர் சொல்லும் விலையோடு நிற்காமல் மூன்று பேரிடமாவது கேட்க வேண்டும். ஆடி 17, 18-இல் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கு வெளியூர் மக்கள் பெருந்திரளாக வருகிறார்கள். அங்கே நேரடியாகக் காட்டி விற்கும் வாய்ப்பும் உண்டு. காட்டிலிருந்து பெயர்த்ததன்று என்பதை எடுத்துச் சொல்லுங்கள். நாற்று எடுத்த நாள், கட்டிய நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அதுவே சான்று.

ஓர் எச்சரிக்கை. ‘எங்களிடம் கன்று வாங்குங்கள், வளர்ந்தபின் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஈமு கோழி வளர்ப்பில் அவ்வாறு நம்பிப் பணம் கட்டிய நம் மேற்கு மாவட்ட விவசாயிகள் 2012-இல் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. சுவரில் தானே முளைக்கும் கன்றுக்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

தேறாத செடியை வீட்டருகிலோ கிணற்றருகிலோ நட்டுவிடவும் வேண்டாம். தரிசு ஓரத்தில் நட்டால் ஆட்டுக்குத் தழையும் பறவைக்குப் பழமும் ஆகும்.

இவ்வாண்டு வைகாசியில் மீண்டும் திருப்புலி நாடு சென்றிருந்தேன். அந்த விவசாயி ஓடைக் கரை இச்சியைக் கொடுக்கவில்லை. தம் கிணற்றுச் சுவரில் ஐந்தும், பள்ளிக்கூடச் சுவரில் மூன்றுமாக எட்டு நாற்று எடுத்து மூங்கில் குழாயில் வைத்திருந்தார். இரண்டு பட்டுப்போயின. ஆறு நிற்கின்றன. இன்னும் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. வாசலில் ஆறு கற்களைத் தேர்ந்து கழுவி வைத்திருந்தார். அவற்றில் இரண்டு மிகப் பெரியவை என்று சொன்னேன்.

“பஸ்ல தூக்க முடியாதுங்களா, ஐயா? சரி, சின்னதா பார்த்துக்கிறேன்” என்றார் சிரித்துக்கொண்டே.

ஓடைக்கரை மரம் அப்போது பழுத்திருந்தது. பச்சைக் குக்குறுவான்கள் இரண்டு அதில் மேய்ந்துகொண்டிருந்தன. அவை போடும் எச்சத்தில்தான் அடுத்த ஆண்டு நாற்று இருக்கிறது. ஆனி மழை விழுந்ததும் நண்பர்கள் தத்தம் கிணற்றுச் சுவரை ஒருமுறை எட்டிப் பார்த்து, நாலைந்து நாற்றுடன் தொடங்கலாம்.